பின் சில்லின் மூன்று கம்பிகள்

அசனார் தேநீர்க் கரண்டியின் காம்பால் காரின் சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். முன்சில்லுகள் இரண்டும் ‘ணிங், ணிங்’ என்று ஒரே சுருதியில் பதில் சொன்னபோது, ஷெரோன் அடக்கி வைத்திருந்த மூச்சை மெல்ல விட்டாள். வலப்பக்கப் பின்சில்லில் அவர் இரண்டு தரம் நின்று யோசித்தார், ஆனாலும் விட்டுவிட்டார். இடப்பக்கப் பின்சில்லில் பாதிச் சுற்று வந்ததும் சத்தம் மாறியது.

‘டொக்.’

அவர் மறுபடி தட்டினார். ‘டொக்.’ பக்கத்துக் கம்பியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

“மூணு கம்பி செத்துக் கிடக்கு மகள்,” என்றார் அசனார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பியபடி. “இந்தச் சில்லோட உங்கள ஓட விட ஏலா.”

பனிச்சங்கேணியில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரிந்து போகும் நேரான கிளைவீதியில், பழைய கார் வைத்திருப்பவர்கள் வருடத்தில் ஒரு ஞாயிறு கூடி ஓட்டம் வைப்பார்கள். பெரிய பந்தயம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு காராகத்தான் விடுவார்கள். எண்ணூறு மீற்றர் போய், அங்கே வைத்திருக்கும் தார்ப் பீப்பாவைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். குறைந்த நேரத்தில் வந்தவர் வென்றவர். ஆளுக்கு இரண்டு ஓட்டம். ஓடத் தகுதியான கார்தானா என்று முதல்நாள் சனிக்கிழமை பார்த்துச் சொல்வது அசனாரின் பொறுப்பு. காத்தான்குடிக்காரர்; முப்பது வருடம் பஸ் திருத்திக் கை காய்த்துப்போன மனிதர்.

ஷெரோனுக்கு இது மூன்றாவது வருடம். முதல் வருடம் மழை பெய்து வீதி வாவிக்குள் போனது, ஓட்டமே இல்லை. போன வருடம் இதே சோதனைக் கூடாரத்துக்குள் வைத்து, இதே அசனார், டயருக்குள் டியூப் இல்லை என்று திருப்பி அனுப்பினார். கம்பிச் சில்லில் கம்பிகள் திருகும் ஓட்டை ஒவ்வொன்றாலும் காற்றுப் போகும்; டியூப் போட்டே ஆக வேண்டும். அது அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை, கணவன் ஜொய்சனுக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு மட்டக்களப்புக்குத் திரும்பிப் போகும் வழியெல்லாம் அவள் அழுதாள். முப்பத்தைந்து வயதுப் பெண், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் உத்தியோகத்தர், காரை ஏற்றிய வாடகை லொறிக்குள் இருந்து, ஒரு காருக்காக அழுததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருந்தது.

கார் ஒரு பழைய எம்.ஜீ. மிட்ஜெட். இருவர் மட்டும் இருக்கக்கூடிய, பால்நிறச் சின்னக் கார். களுவாஞ்சிக்குடியில் ஒரு நெல் ஆலையின் பின்னால் சாக்கு மூடிக் கிடந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். தோணி இயந்திரம் திருத்துவது ஜொய்சனின் தொழில். என்ஜினை அவன் மூன்றே மாதத்தில் எழுப்பிவிட்டான். சில்லுதான் அவர்களைத் தின்றது. மற்றக் கார்களுக்கு நாலு நட்டு இருக்கும் இடத்தில் இதற்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, அதற்கு இரண்டு காது. செப்புச் சுத்தியலால் காதில் அடித்து இறுக்க வேண்டும். உள்ளே பல்லுப் பல்லாக வெட்டிய இரும்புக் குடத்தின்மேல் சில்லு போய் உட்காரும். வாவிக்காற்றில் எல்லாம் துருப்பிடித்தது. சாதாரண இரும்புச் சில்லுக்கு மாற்றிவிடலாமே என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். அதற்குக் குடத்தையும் அச்சையும் மாற்ற வேண்டும், அவை எங்கேயும் இல்லை. மாற்றினாலும் ஓட்டம் நடத்தும் கழகத்தின் விதிப்படி, வந்த சில்லோடுதான் பழைய கார்கள் ஓட வேண்டும்.

அதனால்தான் இந்த வருடம் தை மாதமே ஜொய்சன் சில்லுகளைக் கழற்றி வேலை தொடங்கினான். எட்டு மாதம். “நாலு சில்லும் முழுசாக் கழட்டிப் பூட்டினது,” என்று பார்க்கிற எல்லாருக்கும் சொன்னான்.

இப்போதும் அதைத்தான் அசனாரிடம் சொன்னான். “அசனார் காக்கா, எட்டு மாசம் இதோட மாரடிச்சிரிக்கன். அறுவது கம்பியில மூணு கொஞ்சம் தளர்ந்தா என்ன வந்திரப் போகுது?”

அசனார் கோபப்படவில்லை. “தம்பி, காரிட பாரம் கம்பியிலதான் தொங்குது. மூணு சும்மா இரிந்தா, அதுர வேலையைப் பக்கத்துக் கம்பி செய்யணும். பீப்பாவச் சுத்தி வேகமாத் திரும்புற நேரம் பாரம் முழுக்க ஒரு பக்கச் சில்லுக்கு வரும். ஒண்டு அறுந்தா மத்தது அறும், பிறகு சில்லு மடங்கிப் போயிரும். நாளைக்குக் காலையில ஆறரைக்குச் சரி பண்ணிக் கொண்டு வாங்க. பார்க்கிறன்.”

அவர் அடுத்த காருக்குப் போய்விட்டார். அது இன்னொரு போட்டிக்காரன் யோகேஸ்வரனின் சிவப்பு மிட்ஜெட். இவர்களுடையதைவிட இரண்டு வயது இளையது, அதற்கும் கம்பிச் சில்லுதான். அதன் கம்பிகள் எல்லாம் ஒழுங்காக மணியடித்தன.

“வேணுமெண்டு செய்றார் மனிசன்,” என்று ஜொய்சன் பல்லைக் கடித்தான்.

“அவர் சொல்றது சரிதானே,” என்றாள் ஷெரோன். “இஞ்சப் பாருங்க, மணி மூண்டுதான். ஸ்பேர் சில்லு வீட்ட கிடக்கு. பாரம் குறையட்டும் எண்டு நீங்கதானே இறக்கி வெச்ச? லொறியில போனா ஒண்டரை மணித்தியாலம். எடுத்துக்கிட்டு இருட்ட முதல் வந்திரலாம்.”

“என்னத்துக்கு அவ்வளவு தூரம்? மூணு கம்பிதானே. இஞ்சயே இறுக்கலாம்.”

“இறுக்க ஏலாட்டி?”

“ஏலும் எண்டுறன்.”

அவன் குரலில் இருந்த வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கார் பற்றிய சண்டைகளில் அவள் களைத்திருந்தாள். சரி என்றாள். சில்லைக் கழற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வாகரைக்குப் போனார்கள்.

வாகரைச் சந்திக்கு அப்பால் வீரகத்தி சைக்கிள் திருத்துகிறார். ஐம்பது வயது தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். சில்லை மடியில் வைத்துச் சுழற்றிப் பார்த்து, “இது யானைச் சைக்கிள்ற சில்லு போல கிடக்கு,” என்றார். சைக்கிள் கம்பி திருகும் சாவி இதற்குச் சின்னதாக இருந்தது. பெரிய இரும்புக் குறடு ஒன்றை எடுத்தார். மண்ணெண்ணெய் ஊற்றி, கால் மணித்தியாலம் ஊற விட்டு, முதற்கம்பியின் திருகைப் பிடித்துத் திருப்பினார். அது சிணுங்கிக்கொண்டு அரைச் சுற்று வந்தது. தட்டிப் பார்த்தார். சத்தம் வந்தது. ஷெரோன் தன்னை அறியாமல் கைகளைக் கோத்துக்கொண்டாள். இரண்டாவது இன்னும் கடினம். திருகின் மூலைகள் மழுங்கின. ஆனாலும் வந்தது.

மூன்றாவது கம்பி குறட்டின் பிடியில் சடக்கென்று முறிந்தது.

முறிந்த துண்டு சிமெந்துத் தரையில் உருண்டு போய் ஒரு பழைய டயரில் முட்டி நின்றது. வீரகத்தி அதை எடுத்து முறிந்த முனையை வெயிலுக்குக் காட்டினார். நடுவில் ஊசிமுனை அளவுக்குத்தான் இரும்பு மினுங்கியது. சுற்றி முழுவதும் துரு. இன்று முறிந்ததல்ல அது, பல காலமாக முறிந்துகொண்டிருந்தது. பிறகு அவர் விரல் நகத்தால் பக்கத்துத் திருகைச் சுரண்டினார். வெள்ளிநிறப் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அதன் கீழே செம்மண் நிறம்.

“தம்பி, இந்தச் சில்லைக் கழட்டிப் பூட்டின ஆரு?”

“நான்தான்,” என்றான் ஜொய்சன்.

“இது கழட்டினதில்லையே. பெயின்ட் திருகுக்கும் கம்பிக்கும் மேலால ஒண்டா ஓடிக் கிடக்கு. கழட்டியிருந்தா உள்ளுக்கும் அடிபட்டிருக்குமே.”

வீரகத்தி குற்றம் சாட்டவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். ஜொய்சன் வீதியைப் பார்த்தான். ஷெரோன் அவனைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த முகம். அது பொய் சொல்லிப் பிடிபட்டால் எப்படி இருக்கும் என்று அவள் இதுவரை கண்டதில்லை.

“ஸ்பேர் சில்லை எடுத்துக்கிட்டு வருவம்,” என்றாள் அவள் மெதுவாக. “இப்பவே போவம்.”

“அதுல கம்பி முழுசா இல்ல.”

“என்ன?”

“முன்சில்லு ரெண்டுக்கும் கம்பி காணாம, அதுலருந்து கழட்டிப் போட்டன். பத்தொம்பது கம்பி. வெளிநாட்டுலருந்து வந்த பார்சல்ல கம்பி நீளம் பிழை, ஷெரோன். மறுபடி கேட்டன், மறுமொழி இல்ல. முன்சில்லு ரெண்டும் நல்லாச் செஞ்சன், சத்தியமா. பின்னுக்குள்ளதுல திருகு ஒண்டும் அசைய இல்ல. ஒண்டை முறிச்சா எல்லாம் முறியும் எண்டு தெரிஞ்சுது. அதான்…”

“அதான் பெயின்ட் அடிச்ச.”

அந்தப் பெயின்ட் காய்ந்த பிறகு, துணியும் மெழுகும் எடுத்துக் கம்பி கம்பியாகத் துடைத்து மினுக்கியவள் அவள்தான். ஒரு ஞாயிறு பின்னேரம் முழுவதும். அவன் பக்கத்தில் நின்று, ‘நல்ல வடிவா இருக்கு’ என்று சொன்னான். அது நினைவுக்கு வந்ததும் அவளுக்குக் காது சுட்டது.

“போன வருசம் நீ அழுதுகிட்டு வந்ததை என்னால பார்க்க ஏலாமப் போச்சு,” என்றான் ஜொய்சன். “ஒண்டரை நிமிச ஓட்டம்தானே, தாங்கும் எண்டு நெனச்சன்.”

“தாங்காட்டி? மோட்டர் சைக்கிள்ல விழுந்து வாறவங்கட இடுப்பெலும்பை நான்தான் படம் எடுக்கிறன். ஒவ்வொரு நாளும் எடுக்கிறன். அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டு என்னை அந்தச் சில்லுல ஏத்தி விட்டிருப்பீங்க.”

வீரகத்தி குறட்டைத் துடைத்துக்கொண்டு கடைக்குள்ளே போய்விட்டார்.

பனிச்சங்கேணிக்குத் திரும்பி வரும்வரை ஆட்டோவில் அவர்களுக்கு நடுவே அந்தச் சில்லு இருந்தது. பாலத்தைக் கடக்கும்போது ஜொய்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்திருந்தாலாவது பரவாயில்லை என்று தோன்றியது.

யோகேஸ்வரன் கூடாரத்தடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியில் வேலை. இவளைவிட நாலைந்து வயது குறைவு. போன வருடம் இரண்டாம் இடம் வந்தவன். அவன் காரின் பின்னால் ஒரு ஸ்பேர் சில்லு இருப்பதை ஷெரோன் காலையிலேயே கண்டிருந்தாள். போட்டிக்காரனிடம் போய்க் கேட்பது கூச்சமாகத்தான் இருந்தது. கேட்டாள்.

“தாறன் அக்கா, அதுக்கென்ன,” என்று அவன் உடனே எழும்பினான். ஆனால் அவளுடைய காரடிக்கு வந்து, சில்லில்லாமல் நின்ற குடத்தின் கிரீஸை விரலால் வழித்து, பல்லுகளைத் தடவிப் பார்த்தபோது அவன் முகம் மாறியது. “இதைத் தொட்டுப் பாருங்க.”

அவள் தொட்டாள். தட்டையாக இருக்க வேண்டிய பல்லுகள் அரிவாள் விளிம்பு போலத் தேய்ந்து கூராகி இருந்தன. சில்லு பூட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இடம்.

“இதுல எண்ட சில்லைப் போட்டா உள்ளுக்குள்ள பல்லைத் தின்னுரும். ரெண்டு ஓட்டத்தோட எண்ட சில்லும் போயிரும். தர மனமில்லாம இல்ல அக்கா…”

“விளங்குது,” என்றாள் ஷெரோன். விளங்கியதுதான் பெரிய கொடுமையாக இருந்தது. அசனாரைத் திட்ட முடியாது, வீரகத்தியைத் திட்ட முடியாது, இவனையும் திட்ட முடியாது. எல்லாரும் சரியாகத்தான் பேசினார்கள். எல்லாரும் சரியாகப் பேசப் பேச, ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது.

யோகேஸ்வரன் சிறிது நேரம் தலையைச் சொறிந்தான். “நீங்க எண்ட காரை ஓடுங்களன். ஒரு காரை ரெண்டு பேர் ஓடலாம் எண்டு விதியில இருக்கு. நான் ஓடி முடிச்சிட்டு இறங்கிறன், நீங்க ஏறுங்க.”

“வேணாம் தம்பி,” என்றான் ஜொய்சன் பின்னாலிருந்து.

“ஓடுறன்,” என்றாள் ஷெரோன்.

ஜொய்சன் அவளை ஒரு பக்கமாகக் கூப்பிட்டான். “எண்ட காரை நிப்பாட்டிட்டு அவண்ட கார்லயா ஓடப் போறாய்? எல்லாரும் பார்ப்பாங்க.”

“பார்க்கட்டும்,” என்றாள். “அது நம்மட கார் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நெனச்சன். உங்கட கார் எண்டா நீங்களே வெச்சிருங்க.”

ஞாயிறு காலை ஆறரைக்கு, அசனாரிடம் கரண்டியை வாங்கி, சிவப்புக் காரின் நாலு சில்லையும் அவளே தட்டிப் பார்த்தாள். இருநூற்று நாற்பது கம்பி. ஒன்றையும் விடவில்லை. அசனார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை. பிறகு செப்புச் சுத்தியலை எடுத்து நட்டின் காதுகளில் அவளே அடித்து இறுக்கினாள்.

பதினொரு பேர் ஓடினார்கள். யோகேஸ்வரன் முதல் ஓட்டத்தில் ஒரு நிமிடம் பதினொரு வினாடிக்கு வந்தான். அவள் ஏறினாள். இருக்கை அவளுக்கு அதிகம் பின்னால் தள்ளியிருந்தது. கிளச் எங்கே பிடிக்கிறது என்று தெரியவில்லை. கொடி விழுந்ததும் கார் ஒரு தரம் திணறி, பிறகு பாய்ந்தது. பீப்பா வருவதற்கு வெகு முன்னமே பயத்தில் பிரேக் அடித்துவிட்டாள். பின்சில்லு மடங்கும், மடங்கும் என்று முதுகெலும்பு எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. மடங்கவில்லை. ஒரு நிமிடம் பத்தொன்பது.

“பிரேக்கைப் பிந்தி அடிங்க,” என்றான் யோகேஸ்வரன். “சில்லு தாங்கும்.”

இரண்டாவது ஓட்டத்தில் பிந்தி அடித்தாள். பீப்பாவை அணைத்துக்கொண்டு கார் வழுக்கித் திரும்பியது. வெளிப்பக்கச் சில்லு தாரில் கிறீச்சிட்டது. கம்பிகள் எல்லாம் இழுபட்டு நிற்பது ஸ்டியரிங் திருப்புவளையத்தில் அவள் கைக்குத் தெரிந்தது. வாய்விட்டுக் கத்தினாள், சந்தோசத்தில். வந்த வழியே முழு வேகத்தில் திரும்பும்போது, பற்றைக்குள்ளிருந்து ஐந்தாறு மாடுகள் நிதானமாக வீதியில் இறங்கின. சிவப்புக் கொடி ஆடியது. மாடுகளுக்கு முப்பது மீற்றருக்கு இப்பால் காரை நிறுத்திவிட்டு, திருப்புவளையத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அவளுடைய பிழை இல்லையென்று இன்னொரு ஓட்டம் கொடுத்தார்கள். ஆனால் என்ஜின் சூடேறிவிட்டது, ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. மூன்றாவது தரம் ஓடியபோது கார் இழுக்கவில்லை. ஒரு நிமிடம் பதின்மூன்று. நாலாம் இடம். மாடு வராதிருந்தால் இரண்டாம் இடம் என்று நேரம் எடுத்தவர் சொன்னார். சொல்லாமலே விட்டிருக்கலாம்.

ஆட்கள் கை குலுக்கினார்கள். அவள் கூட்டத்துக்குள் ஜொய்சனைத் தேடினாள். முதல் ஓட்டத்திலும் அவனைக் காணவில்லை, மூன்றாவதிலும் காணவில்லை. கோபத்தில் வீட்டுக்கே போய்விட்டானோ என்று நினைத்தாள். யோகேஸ்வரனுக்கு நன்றி சொல்லி, அவன் களுவாஞ்சிக்குடிக்குப் புறப்பட்டுப் போன பிறகு, கூடாரத்தின் பின்பக்கம் தங்கள் கார் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

கார் இரண்டு கல்லடுக்கின்மேல் பின்பக்கம் தூக்கி நின்றது. பின்சில்லுகள் இரண்டும் மணலில் கிடந்தன. ஜொய்சன் சட்டையைக் கழற்றிப்போட்டு, நீளக் கைபிடியுள்ள இரும்பு வெட்டியால் கடைசிக் கம்பியை நறுக்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் மணலில் வெட்டிய கம்பிகள் இறைந்து கிடந்தன. வெறும் வளையமும் டயரும் ஒரு பக்கம், சில்லுகளின் நடுப்பகுதி இன்னொரு பக்கம். அவன் கையில் இரண்டு இடத்தில் இரத்தம்.

“வீரகத்தியண்ணனிட்ட இரவல் வாங்கினன்,” என்றான் நிமிராமல். “ரெண்டையும் வெட்டிட்டன். இனி நானும் இதைப் பூட்ட ஏலா, வேற ஆரும் பூட்ட ஏலா. மனசு மாறியிருமோ எண்டு பயமா இருந்துது.”

ஷெரோன் வெட்டிய கம்பி ஒன்றை மணலிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ இளகத்தான் பார்த்தது. அதற்கிடையில் கண் அந்தக் காரின் பின்பக்கத்தில் போய் நின்றது.

“சரி,” என்றாள். “இப்ப இதை எப்பிடி லொறியில ஏத்துறது?”

ஜொய்சன் நிமிர்ந்தான். காரைப் பார்த்தான். லொறியைப் பார்த்தான். உருட்டி ஏற்றப் பின்னால் சில்லு இல்லை. வெட்டியைக் கையில் பிடித்தபடி அவன் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“யோகேஸ்வரன்ட ஸ்பேரை…”

“அவன் போய் அரை மணித்தியாலம்.”

“ஓ.”

“அதோட ஒண்டு காணா. ரெண்டு வேணும்.”

“ஓம்.”

கடற்கரையில் வலை தட்டிக்கொண்டிருந்த பனிச்சங்கேணி மீனவர்களிடம் அவளே போய்க் கேட்டாள். பத்துப் பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தோணி இழுத்துப் பழகிய தோள்கள். பின்பக்கத்தை அவர்கள் தூக்க, முன்சில்லு உருள, பலகைமேல் கார் ஒவ்வொரு அடியாக ஏறியது. ஷெரோனும் ஒரு மூலையைப் பிடித்தாள். இரண்டு தரம் சறுக்கியது. மூன்றாவது தரம் ஏறி நின்றபோது எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. ஏன் நல்ல சில்லைக் கழற்றி வெட்டினீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஜொய்சன் கயிற்றை எடுத்துக் காரைக் கட்டத் தொடங்கினான்.

லொறிக்காரர் வண்டியை எடுத்து வெகுதூரம் வந்த பிறகு ஜொய்சன் கேட்டான், “கோவமா?”

“ஓம்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“தெரியா. குடம் ரெண்டு, ஸ்பேருக்கும் சேர்த்துக் கம்பி நூத்தி நாப்பது. இந்த முறை நான் எழுதுறன், பார்சலை நான்தான் பிரிப்பன். என்னட்டச் சொல்லாம ஒரு திருகுல கை வைக்கப்படா.”

“சரி.”

“சரி எண்டு எல்லாத்துக்கும் சொல்லுவீங்க.”

அவன் வெட்டுக்காயத்தைக் கைலேஞ்சியால் சுற்றிக்கொண்டான். சுற்றிய விதம் பிழை, இரத்தம் கசிந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்க்காததுபோல் இருந்தாள். பிறகு முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டு, அவன் கையை இழுத்து மடியில் வைத்து, லேஞ்சியை அவிழ்த்துச் சரியாகக் கட்டத் தொடங்கினாள்.